பார்க்கும் பாடமும் செய்யும் பாடமும்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைச் செயலர், தொடக்கக் கல்வி இயக்குநர், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர் ஆகியோருக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளுக்குக் கடந்த சில ஆண்டுகளில் வந்து சேர்ந்திருக்கும் கருவிகளை ஒரு தலைமுறைக்கு முன் எந்த ஆசிரியரும் கனவில்கூடக் கண்டிருக்க முடியாது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளைத் தொடர்ந்து நடுநிலைப் பள்ளிகளுக்கும் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்திருக்கின்றன. தொடக்கப் பள்ளிகளுக்கென்று 20,000-க்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள் திட்டமிடப்பட்டன. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே கைக்கணினி வழங்கியது. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் (கியூ.ஆர். குறியீடுகள்) இடம்பெற்றன, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது, 2023 ஜூலையில் பாடங்களைக் காணொளிகளாகத் தரும் மணற்கேணி செயலி வெளியானது. அரசு நடுநிலைப் பள்ளிகளில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் என்ற முறையில் இவை ஒவ்வொன்றையும் நான் மனமார வரவேற்கிறேன். இவற்றுக்காக உழைத்த அலுவலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நன்றி சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இம்மடலில் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வாரத்தில் இரண்டு பாடவேளைகள், கணினியின் முன் தானே அமர்ந்து, தன் நிலைக்கு ஏற்ற கற்றல் மென்பொருளைத் தமிழில், தன் கையால் இயக்கிப் பழகும் வாய்ப்பு கால அட்டவணையிலேயே உறுதி செய்யப்பட வேண்டும். அந்தப் பாடவேளைகளை வேறு எந்த வேலைக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் அறிந்த பள்ளிகளில் ஆய்வகக் கணினிகள் பெரும்பாலும் மூன்று வேலைகளுக்குப் பயன்படுகின்றன: இணையவழித் தேர்வு நடத்துவது, காணொளி காட்டுவது, பள்ளி, மாணவர் விவரங்களைத் திரட்டும் எமிஸ் என்ற அரசுத் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவது. மூன்றுக்கும் தேவை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேர்வில் குழந்தை ஏற்கெனவே கற்றதைத்தான் காட்டுகிறது. காணொளியில் வேறொருவர் செய்வதைப் பார்க்கிறது. பதிவேற்றத்திலோ குழந்தைக்கு இடமே இல்லை. கற்றல் மென்பொருள் என்று நான் குறிப்பிடுவது இந்த மூன்றிலும் சேராதது. குழந்தை ஒன்றைச் செய்கிறது, அதன் விளைவைத் திரை அந்தக் கணமே காட்டுகிறது, விளைவைக் கண்ட குழந்தை தன் எண்ணத்தைத் திருத்திக்கொண்டு மீண்டும் செய்து பார்க்கிறது. இந்தச் சுற்று ஒரு பாடவேளைக்குள் எத்தனையோ முறை நிகழ்கிறது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில், எவ்வளவு அர்ப்பணிப்புள்ள ஆசிரியராலும் ஒவ்வொரு குழந்தைக்கும் அத்தனை முறை மறுமொழி தர இயலாது. மென்பொருளின் முதன்மையான பயன் இதுவே என்பது என் உறுதியான எண்ணம். வண்ணப் படங்களும் இசையும் அதற்குப் பிறகுதான்.

கழித்தல் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தைகள் மூன்றாம் வகுப்பிலும் உண்டு, ஆறாம் வகுப்பிலும் உண்டு. விடைத்தாளில் நாம் ஒரு சிவப்புக் குறியிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் குழந்தை கவனக்குறைவாக எழுதவில்லை. ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்க வேண்டும் என்று தானே ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அந்த விதியைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. 7-லிருந்து 2 போக 5, 5-லிருந்து 2 போக 3. இத்தகைய தவறுகளுக்குப் பின்னால் ஒழுங்கான விதிகள் இருக்கின்றன என்பதையும், அவற்றைக் கணினி நிரலால் அடையாளம் காண முடியும் என்பதையும் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-லேயே எழுதிவிட்டார்கள். நன்கு அமைக்கப்பட்ட மென்பொருள், 35 என்ற விடையைக் கண்டதும் அதே வகையில் இன்னும் இரண்டு கணக்குகளைக் கொடுத்துக் குழந்தை எந்த விதியைப் பின்பற்றுகிறது என்பதை உறுதி செய்துகொள்ளும். பிறகு 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பதைக் கட்டைகளாகக் காட்டி, ஒரு பத்தை உடைத்துப் பத்து ஒன்றுகளாக மாற்றும் வேலையைக் குழந்தையின் கையிலேயே விட்டுவிடும். தசம எண்களிலும் இதுவே நடக்கிறது. 0.6-ஐவிட 0.45 பெரியது என்று சொல்லும் குழந்தை, 6-ஐவிட 45 பெரியது என்ற சரியான அறிவைத் தவறான இடத்தில் பயன்படுத்துகிறது. ஆசிரியரின் மேசைக்கு மதிப்பெண் பட்டியல் வருவதைவிட, எந்தக் குழந்தை எந்த விதியில் சிக்கியிருக்கிறது என்ற குறிப்பு வந்தால் மறுநாள் வகுப்பே வேறாக இருக்கும்.

வடிவியலுக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் நடுக்கோட்டு மையம், செங்கோட்டு மையம், சுற்றுவட்ட மையம், உள்வட்ட மையம் ஆகியவற்றைக் கவராயமும் அளவுகோலும் கொண்டு வரைகிறார்கள். ஒரு முக்கோணத்தைத் திருத்தமாக வரைந்து முடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும். எனவே ஒரு குழந்தை தன் பள்ளி வாழ்வில் பார்க்கும் செங்கோட்டு மையங்கள் மிகச் சிலவே. அவையும் பெரும்பாலும் முக்கோணத்துக்குள்ளேயே அமைந்தவை. ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் அதே முக்கோணத்தை அமைத்துவிட்டு ஓர் உச்சியைச் சுட்டியால் பிடித்து மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். குறுங்கோணம் செங்கோணமாகும் இடத்தில் செங்கோட்டு மையம் அந்த உச்சியிலேயே வந்து நிற்கும். சுற்றுவட்ட மையம் கர்ணத்தின் நடுப்புள்ளிக்குப் போய்விடும். இன்னும் இழுத்தால் இரண்டுமே முக்கோணத்துக்கு வெளியே சென்றுவிடும். நடுக்கோட்டு மையமும் உள்வட்ட மையமும் எவ்வளவு இழுத்தாலும் உள்ளேயே இருக்கும், நடுக்கோட்டு மையம் ஒவ்வொரு நடுக்கோட்டையும் 2:1 என்ற விகிதத்தில் பிரித்துக்கொண்டே இருக்கும். "ஏன் இவை இரண்டு மட்டும் வெளியே போகவில்லை?" என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால், நிறுவலைக் கற்பிப்பதற்கு அதைவிட நல்ல தருணம் ஆசிரியருக்கு வாய்க்காது.

ஜியோஜீப்ரா 2001-ல் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பணி. மாணவர்களும் ஆசிரியர்களும் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நம் கணிதப் பாடநூல்களை உருவாக்கிய குழுவினர் இதன் அருமையை நன்கு உணர்ந்தே, பாடங்களின் முடிவில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியில் படிப்படியான குறிப்புகளோடு இதைச் சேர்த்திருக்கிறார்கள். அதேபோல ஏழாம் வகுப்பு அறிவியலில் டக்ஸ் பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளும், பத்தாம் வகுப்பு அறிவியலில் ஸ்கிராட்ச் என்ற நிரலாக்க மென்பொருளும் பாடமாகவே உள்ளன. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது என்னவென்றால், இந்தப் பக்கங்களைக் கணினியைத் தொடாமலேயே படித்து, ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை மனப்பாடம் செய்துகொண்டு கடந்து செல்லும் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதுதான். பாடத்திட்டம் எழுதியவர்கள் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைவதற்கான நேரம்தான் கால அட்டவணையில் இல்லை.

ஸ்கிராட்ச் மென்பொருளைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். 2007-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இதை வெளியிட்டது என்றாலும், இதன் வேர் 1967-ல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்சைக் ஆகியோர் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற நிரல்மொழியில் இருக்கிறது. திரையில் ஓர் உருவத்தை நடக்கவும் திரும்பவும் சொல்லிப் படம் வரைவதுதான் அடிப்படை. ஒழுங்கு ஐங்கோணம் வரைய விரும்பும் குழந்தை ஒவ்வொரு மூலையிலும் எத்தனை பாகை திரும்பச் சொல்ல வேண்டும்? உட்கோணம் 108 பாகை என்று பாடத்தில் படித்த குழந்தை 108 என்று கொடுக்கும். உருவம் எங்கோ போய்விடும். சில முயற்சிகளுக்குப் பிறகு 72 என்ற எண்ணைக் கண்டடையும். ஐந்து முறை 72 திரும்பினால் 360, அதாவது புறப்பட்ட திசைக்கே வந்து சேர்கிறோம் என்பது அதன் பிறகு புரியும். அறுகோணத்துக்கும் எண்கோணத்துக்கும் அந்தக் குழந்தை யாரையும் கேட்காது. வெளிக்கோணங்களின் கூடுதல் 360 பாகை என்ற வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதற்கும், அதைத் தேவைக்காகத் தானே கண்டுபிடிப்பதற்கும் உள்ள தொலைவை என்னைப் போன்ற கணித ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அறிவியலுக்கு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்கள் இருக்கின்றன. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியவை அவை. மின்கலம், விளக்கு, கம்பி, சாவி ஆகியவற்றைத் திரையில் இழுத்து இணைத்துத் தொடரிணைப்பிலும் பக்க இணைப்பிலும் விளக்குகளின் ஒளி எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். ஆனாலும் ஒரு மின்கலமும் ஒரு சிறு விளக்கும் பள்ளியில் இருந்தால் முதலில் அவற்றையே குழந்தையின் கையில் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டம், அணு, மூலக்கூறு போன்றவற்றைக் காட்டவும், பள்ளியில் கிடைக்காத கருவிகளுக்கு ஈடாகவும்தான் திரை வர வேண்டும்.

பயன் உண்டு என்று அனுபவத்தை வைத்து மட்டும் நான் சொல்லவில்லை. குஜராத்தின் வதோதரா நகரில் 2000-ஆம் ஆண்டில் நகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கு மாநில அரசு பள்ளிக்கு நான்கு கணினிகள் வீதம் வழங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது தொடக்க வகுப்புக் குழந்தைகள் அவற்றைத் தொட்டிருந்த பள்ளிகள் மிகக் குறைவாகவே இருந்தன. பிறகு பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் அதே கணினிகளைக் கொண்டு நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவர் வீதம், அவரவர் நிலைக்கேற்ற கணித விளையாட்டுகளைக் கொடுத்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் தம் சக ஆய்வாளர்களோடு இதை அளந்து 2007-ல் வெளியிட்டார்கள். இரண்டாம் ஆண்டின் முடிவில் கணிதத்தில் கிடைத்த முன்னேற்றம் 0.47 திட்ட விலக்கம். எளிதாகச் சொன்னால், நூறு பேரில் 50-ஆம் இடத்தில் இருந்த குழந்தை ஏறத்தாழ 32-ஆம் இடத்துக்கு முன்னேறும் அளவு அது. திட்டம் நின்று ஓராண்டு ஆனபோது அந்தப் பலனில் பெரும்பகுதி தேய்ந்துவிட்டது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஓராண்டு முன்னோட்டத் திட்டம் நடத்திவிட்டு நிறுத்திவிடும் பழக்கத்துக்கு எதிரான சான்றாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

2015-ல் டெல்லியில் நடந்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகிய மூவரும் நடுநிலை வகுப்பு மாணவர்கள் 619 பேரைக் கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை மாலை நேர மையங்களில் பயன்படுத்தும் வாய்ப்பைக் கொடுத்தார்கள். 45 நிமிடம் மென்பொருள், 45 நிமிடம் உதவி ஆசிரியருடன் சிறு குழு. நாலரை மாதங்களில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் முன்னேற்றம் தெரிந்தது. என்னைத் தூங்கவிடாமல் செய்தவை இந்த எண்களைவிட அந்த ஆய்வின் வேறு இரண்டு செய்திகள். ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்குள் அந்த இடைவெளி நாலரை வகுப்புகளாக வளர்ந்திருந்தது. மென்பொருள் வாய்ப்புக் கிடைக்காமல் வழக்கமான வகுப்பில் மட்டும் அமர்ந்திருந்தவர்களில் கடைசி மூன்றில் ஒரு பங்கினரிடம் அந்த மாதங்களில் முன்னேற்றமே தென்படவில்லை. பாடநூலின் பக்கத்தைப் பின்பற்றி நடக்கும் வகுப்பு அவர்களுடைய தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. குழந்தை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும் மென்பொருள் அவர்களுக்குத்தான் மிகவும் தேவைப்பட்டது.

எதிர்ச் சான்றுகளையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனெனில் நம் திட்டத்தை வடிவமைப்பதற்கு அவையே அதிகம் உதவும். குஜராத்தில் ஞான்சாலா என்ற தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் நடந்த ஆய்வை லீ லிண்டன் 2008-ல் எழுதினார். நன்றாக நடந்துகொண்டிருந்த வகுப்பின் நேரத்தை எடுத்து அதற்குப் பதிலாகக் கணினியைக் கொடுத்தபோது கற்றல் குறைந்தது. அதே மென்பொருளை வகுப்புக்கு மேலதிகமாகக் கொடுத்தபோது கற்றல் கூடியது. பெரு நாட்டின் 319 ஊரகப் பள்ளிகளில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அளந்தவர்கள், கணிதத்திலும் மொழியிலும் எந்த மாற்றமும் இல்லை என்று 2012-ல் அறிவித்தார்கள். கணினியைக் கொடுப்பதனால் மட்டும் எதுவும் நடக்காது என்பதை நம்மைவிட அதிகச் செலவில் அவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். ஆகவே நான் கேட்கும் இரண்டு பாடவேளைகளும் கணித ஆசிரியரின் பாடவேளையைப் பறித்துத் தரப்படக் கூடாது. ஆசிரியர் உடன் இல்லாத நேரமாகவும் அவை இருக்கக் கூடாது.

எண்ணும் எழுத்தும் இயக்கம் இதற்கு ஏற்ற நிலத்தை ஏற்கெனவே உழுது வைத்திருக்கிறது. பெருந்தொற்றுக் கால இழப்பைச் சரிசெய்ய 2022-ல் தொடங்கிய இவ்வியக்கம், ஒரே வகுப்பில் இருக்கும் குழந்தைகள் ஒரே நிலையில் இல்லை என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு அவர்களைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. கருத்தில் எனக்கு முழு உடன்பாடு. நடைமுறையில் திணறுவது ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில், ஓர் ஆசிரியர் அரும்பு நிலைக் குழந்தைகளோடு தரையில் அமர்ந்து எழுத்தைச் சேர்த்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும்போது, மலர் நிலைக் குழந்தைகள் எழுதியதையே மீண்டும் எழுதிக்கொண்டு காத்திருக்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் அவர்கள் நான்கைந்து கணினிகளில் இருவர் இருவராக அமர்ந்து எண்கோட்டில் பின்னங்களை வைத்துப் பழகினால், இரு குழுக்களுமே பயனடையும். ஒரு கணினிக்கு இருவர் என்பதைக் குறையாக எண்ண வேண்டாம். ஒருவர் சுட்டியை நகர்த்த மற்றவர் "அங்கே வேண்டாம், இங்கே வை" என்று காரணம் சொல்லி வாதிடும்போது கணிதத்தைப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். வதோதராவின் குழந்தைகளும் அப்படித்தான் கற்றார்கள்.

தமிழ் கற்பித்தலில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். இங்கே பிற மாநிலத்தையோ பிற நாட்டையோ எதிர்பார்க்கவும் முடியாது. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் உலகின் நல்ல மென்பொருள்களை மொழிபெயர்த்து எடுத்துக்கொள்ளலாம். தமிழில் வாசிக்கத் தொடங்கும் குழந்தையின் இடர்ப்பாடுகளோ தமிழுக்கே உரியவை. கெ, கே, கை ஆகியவற்றில் எழுத்துக்கு முன்னால் எழுதும் குறியைப் பின்னால் ஒலிக்க வேண்டும். கொ, கோ, கௌ ஆகியவற்றில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. பல் என்பதில் ஒரு விதமாகவும் பாம்பு என்பதன் இறுதியில் வேறு விதமாகவும் பகரம் ஒலிக்கிறது. லகர, ளகர, ழகரங்களையும் ரகர, றகரங்களையும் காதால் பிரித்தறியாத குழந்தை எழுதும்போது தடுமாறுவதில் வியப்பில்லை. ஆங்கில எழுத்துகளைக் கற்பிக்க அமைந்த விளையாட்டின் படங்களை மட்டும் மாற்றித் தமிழாக்கினால் இவற்றில் ஒன்றைக்கூடத் தொட முடியாது. திருத்தமான உச்சரிப்புள்ள குரல்பதிவு, உயிர்மெய்யைக் குழந்தையே மெய்யும் உயிருமாகப் பிரித்துச் சேர்த்துப் பார்க்கும் பயிற்சி, நிலைவாரியான சிறு கதைகள் ஆகியவற்றைக் கொண்ட வாசிப்பு மென்பொருள் ஒன்றை மாநில நிறுவனமே முன்னின்று உருவாக்க வேண்டும். மேல் வகுப்புகளில் தமிழ் 99 விசைப்பலகையையும் பழக்க வேண்டும். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி அரசே ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. ஆங்கில எழுத்துகளின் வழியாகத் தமிழைத் தட்டச்சு செய்யும் பழக்கம் வேரூன்றுவதற்கு முன்பே அது குழந்தையின் விரல்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் அண்டை மாநிலத்திடம் நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு. கேரளம் 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கி, சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிகளை, எவரும் பயன்படுத்தவும் மாற்றியமைக்கவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அத்திட்டமே 2017-ல் கைட் என்ற நிறுவனமாக வளர்ந்தது. பள்ளிகளுக்கென்று தானே தொகுத்த லினக்ஸ் இயங்குதளத்தில் ஜியோஜீப்ரா, ஸ்கிராட்ச், ஜிகாம்ப்ரி போன்றவற்றைச் சேர்த்து மலையாளத்தில் வழங்குகிறது. அவற்றைப் பயிற்றுவிப்பதற்கும் ஆசிரியர்களையே தயார் செய்தது. இரண்டு வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகளைக் கொண்ட ஜிகாம்ப்ரி, இணையம் இல்லாமலே இயங்கக்கூடியது. இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் மலைக்கிராமப் பள்ளிகளுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை எண்ணிப் பாருங்கள். கட்டற்ற மென்பொருளில் பள்ளிக்கு இத்தனை கணினி என்ற உரிமக் கட்டணம் இல்லை; மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் நாமே திருத்தலாம்; நம் பாடநூலின் கலைச்சொற்களைச் சேர்க்கலாம்; நிறுவனம் மூடப்பட்டாலும் மென்பொருள் நம்மிடம் இருக்கும். தனியார் நிறுவனங்களின் தயாரிப்பு எதையும் வாங்கவே கூடாது என்று நான் வாதிடவில்லை. வாங்கும் முன் நம் பள்ளிகள் சிலவற்றில் ஓராண்டு பயன்படுத்தி, சுயேச்சையான ஆய்வாளர்களைக் கொண்டு அளந்து, அந்த முடிவைப் பொதுவெளியில் வைத்த பிறகு வாங்குங்கள் என்றே கேட்கிறேன்.

மாற்றுத்திறனுள்ள குழந்தைகளை இத்திட்டத்தின் பின்னிணைப்பாக வைத்துவிடக் கூடாது. பார்வைத்திறன் குறைந்தோருக்கான என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) கட்டணமில்லாதது, ஈஸ்பீக் குரலின் உதவியோடு தமிழையும் வாசிக்கும். ஒவ்வோர் ஆய்வகத்திலும் ஒரு கணினியிலாவது அது நிறுவப்பட்டு, அதைப் பயன்படுத்தச் சிறப்பாசிரியர் அந்தக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தால், வகுப்பு நண்பர் வாசித்துக் காட்டும்வரை காத்திருக்க வேண்டிய நிலை மாறும்.

பெற்றோரின் அச்சம் நியாயமானது. வீட்டில் குழந்தையின் கையிலிருந்து கைப்பேசியை வாங்கிவைக்கப் போராடும் தாய், பள்ளியிலும் திரையா என்று கேட்பார். அவருக்கு நாம் சொல்லக்கூடிய நேர்மையான பதில், வாரத்தில் இரண்டே பாடவேளை, ஆசிரியரின் கண்பார்வையில், விளம்பரமும் முடிவில்லாத காணொளியும் இல்லாத மென்பொருளில் என்பதுதான். முன்பருவக் கல்விக் குழந்தைகளுக்கும் முதல் இரண்டு வகுப்புகளுக்கும் மணலும் மணிகளும் கதையும் பாட்டுமே போதும் என்பதும் அதில் அடங்கும். குழந்தைகளின் விவரங்களைப் பற்றியும் துறை முன்கூட்டியே தெளிவுபடுத்த வேண்டும். 2023-ல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுத்து, அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும் அவர்களை இலக்காக வைத்து விளம்பரம் செய்வதற்கும் தடை விதிக்கிறது. குழந்தை எந்தக் கணக்கில் எத்தனை முறை தவறியது என்பது அதன் ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். அது எந்த நிறுவனத்துக்கும் செல்லக் கூடாது. மாவட்டத் தரவரிசைக்காக மேலே அனுப்பப்படவும் கூடாது. தவறு பதிவாகி மேலே போகும் என்று தெரிந்துவிட்டால் குழந்தை முயன்று பார்க்கத் தயங்கும், ஆசிரியரோ விடையைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்; அதோடு மென்பொருளின் பயனும் முடிந்துவிடும்.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் இம்மடலை முடிக்க இயலாது. பதிவேற்றச் சுமையால் அவர்கள் களைத்திருக்கிறார்கள். இன்னொரு செயலி, இன்னொரு கடவுச்சொல், இன்னொரு நிழற்படம் என்று இத்திட்டமும் அவர்களிடம் போய்ச் சேர்ந்தால் முதல் மாதத்திலேயே சடங்காகிவிடும். அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் பாதி நாளை உரைக்கு ஒதுக்காமல், ஆசிரியர்களே கணினியின் முன் அமர்ந்து முக்கோணத்தின் உச்சியை இழுத்துப் பார்க்கவும் ஐங்கோணத்துக்கான எண்ணைத் தேடவும் நேரம் கொடுங்கள். தாமே ஒருமுறை வியந்த ஆசிரியர் மறுநாள் வகுப்பில் அதைச் செய்ய யாருடைய சுற்றறிக்கைக்கும் காத்திருக்க மாட்டார். கணினி பழுதானால் எத்தனை நாளில் யார் வந்து சரிசெய்வார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பழுதான கணினியின் மீது உறை போட்டு மூடிவைப்பது எங்கும் எளிதில் பழகிவிடக்கூடிய வழக்கம்.

வரும் ஜூன் மாதம் பள்ளிகள் திறப்பதற்கு முன், மாவட்டத்துக்குச் சில பள்ளிகளிலாவது இந்த இரண்டு பாடவேளைகளைக் கால அட்டவணையில் சேர்த்து, அப்பள்ளிகளை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் பொறுப்பில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மென்பொருள்களின் தமிழ்ச் சொற்களைப் பாடநூலோடு ஒப்பிட்டுத் திருத்தவும், வாசிப்புப் பயிற்சிகளுக்குக் குரல் கொடுக்கவும், ஆய்வக நேரத்தில் வகுப்பாசிரியருக்குத் துணையாக நிற்கவும் என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் ஊதியம் கேட்காமலே முன்வருவார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு அத்தகைய அழைப்பு வந்தால், முதலில் பெயர் கொடுப்பவர்களில் ஒருவராக நானும் இருப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
அரசு நடுநிலைப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்